‘ஏன் நாலு? ஏன் ரெண்டு இல்லை?’ - தலையாட்டும் மாணவர்களைப் பேசவைக்கும் கேள்வி!

“மூணு அரியர் வெச்சிருக்கியேப்பா. ஒழுங்கா உட்கார்ந்து படிச்சா என்ன?”

“படிக்கிறேன் சார்.”

செமஸ்டர் ரிசல்ட் வந்த மறுநாள், ஸ்டாஃப் ரூம் பேச்சு பெரும்பாலும் இந்த இரண்டு வரிகளில் முடிந்துவிடும். ஆசிரியர் அக்கறையோடுதான் சொல்கிறார். மாணவரும் தலையாட்டுகிறார். அடுத்த செமஸ்டரில் அரியர் நாலாகிவிடும். (நானும் அப்படித் தலையாட்டிய ஆள்தான்!)

இந்த இடத்தில் கைகொடுப்பது ‘மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங்’. பெயரைப் பார்த்து மேடைப் பேச்சு என்று நினைக்க வேண்டாம். இதில் ஆலோசகர் பேசுவதே குறைவு. குடிப்பழக்கத்திலிருந்து மீள முயல்பவர்களுக்காக, அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-ல் எழுதிய கட்டுரையில் தொடங்கியது. 1991-ல் ஸ்டீஃபன் ரோல்னிக்குடன் சேர்ந்து அதைப் புத்தகமாக்கினார். இன்று மாணவர் ஆலோசனையிலும் பயன்படுகிறது.

விஷயம் இதுதான். மாறலாமா, வேண்டாமா என இரண்டு மனதாக இருப்பவரிடம் ‘மாறு’ என்று அழுத்தினால், மாறாமல் இருப்பதற்கான காரணங்களைத்தான் அவர் அடுக்குவார். ‘பஸ் லேட் சார், பேப்பர் டஃப் சார்...’ சொல்லச் சொல்ல அவரே அதை நம்பியும்விடுவார். மாறுவதற்கான காரணம் அவர் வாயிலிருந்தே வர வேண்டும்.

எப்படி வரவைப்பது? உதாரணத்துக்கு, இப்படிக் கேட்கலாம்.

“மேத்ஸ் அரியரை இந்த முறை முடிக்கிறது உனக்கு எவ்வளவு முக்கியம்? பூஜ்யத்துலேருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லு.”

“நாலு சார்.”

‘ஏன் எட்டு இல்லை?’ என்று வாய் துறுதுறுக்கும். கேட்டால் மறுபடியும் சாக்குகள்தான் வரும். கேட்க வேண்டியது, “ஏன் நாலு? ரெண்டுன்னு சொல்லலையே?”

கேட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். இதுதான் கஷ்டம்.

“ஸ்டாண்டிங் அரியர் இருந்தா கேம்பஸ் இன்டர்வியூல உட்கார விடமாட்டாங்க சார். அக்கா கல்யாணக் கடன் வேற இருக்கு...”

“வீட்டுப் பாரத்தைக் கொஞ்சம் தாங்கணும்னு நினைக்கிற. அதுக்கு முதல்ல என்ன செய்யலாம்னு தோணுது?”

“சாயங்காலம் பஸ் வர்ற வரைக்கும் லைப்ரரில கணக்குப் போட்டுப் பார்க்கலாம் சார்.”

ஆசிரியருக்கும் ஒரு யோசனை இருக்கலாம். “நான் ஒண்ணு சொல்லட்டுமா?” என்று அனுமதி கேட்டுவிட்டுச் சொல்லலாம்.

எல்லாவற்றுக்கும் இது மருந்தல்ல. ஃபீஸ் கட்டப் பணமில்லாத மாணவருக்குத் தேவை உதவித்தொகை விண்ணப்பம், கேள்வி அல்ல. தூக்கமில்லை, யாரோடும் பேசப் பிடிக்கவில்லை என்றால் மனநல ஆலோசகரிடம் அனுப்ப வேண்டும். மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ இலவச உதவி எண் 14416-ஐ, 24 மணி நேரமும் அழைக்கலாம்.