முதுகுவலிக்கு நரம்பு ஊசி போட்டுக்கொள்ளலாமா?

மளிகைக் கடை நடத்துகிறவர்களுக்கு முதுகுவலி ஒரு நிரந்தர வாடிக்கையாளர். லாரியிலிருந்து இறங்கும் சர்க்கரை மூட்டை 50 கிலோ, அரிசிச் சிப்பம் 25 கிலோ. சுமைக்காரர் வராத நாளில் முதலாளியேதான் புரட்ட வேண்டும். அதன் பிறகு இரவு கடை சாத்தும் வரை கல்லாவில் ஒரே இருக்கை. மூட்டை தூக்குவது ஒரு கேடு என்றால், அசையாமல் உட்கார்ந்திருப்பது இன்னொரு கேடு.

வலி மூன்று மாதத்தைத் தாண்டினால் மருத்துவர்கள் அதை நாள்பட்ட வலி என்கிறார்கள். தைலம், மாத்திரை, இடுப்பு பெல்ட் என்று ஒரு சுற்று சுற்றி வந்த பிறகு, “ஆபரேஷன் வேண்டாம், நரம்பில் ஒரு ஊசி போட்டால் போதும்” என்ற பேச்சு காதில் விழுகிறது. அந்த ஊசி யாருக்குப் பயன்படும், யாருக்குப் பணம் வீண் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போவது நல்லது. சரக்கைப் பார்க்காமல் விலை பேசும் வழக்கம் நமக்குக் கிடையாது அல்லவா?

ஒரே பெயர், இரண்டு சரக்கு

நரம்பு ஊசி என்று பொதுவாகச் சொல்வது ஒரே ஊசி அல்ல. அதில் பல வகை உண்டு. அடிக்கடி போடப்படுபவை இரண்டு.

முதலாவது எபிடியூரல் ஊசி. முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புகளைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது. அந்த உறைக்கு வெளியே உள்ள இடைவெளியில், மரத்துப்போகச் செய்யும் மருந்தையும் ஸ்டீராய்டையும் சேர்த்துச் செலுத்துகிறார்கள். டிஸ்க் பிதுங்கி நரம்பு வேரை உறுத்தும்போது, பிட்டத்திலிருந்து தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரை மின்சாரம் பாய்வதுபோல இழுக்கும். சயாட்டிகா எனப்படும் அந்த வலிக்குத்தான் இது முக்கியமாக உரியது. 1901-லேயே பாரிஸ் நகர மருத்துவர் சிக்கார் இதே இடைவெளியில் கோகெய்ன் கரைசலைச் செலுத்திப் பார்த்தார். ஸ்டீராய்டு சேர்க்கும் வழக்கம் 1950-களில் வந்தது. ஸ்டீராய்டு நரம்பு வேரைச் சுற்றியுள்ள வீக்கத்தைத்தான் குறைக்கும். பிதுங்கிய டிஸ்க்கை உள்ளே தள்ளாது. டிஸ்க் பிதுங்கியவர்களில் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ வலி தானாகவே தணிகிறது. அதுவரை தாக்குப்பிடிக்க உதவும் கைமாற்றுத்தான் இந்த ஊசி.

இரண்டாவதைத்தான் நம்மவர்கள் அதிகம் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். முள்ளெலும்புகளின் பின்பக்கத்தில் ஒன்றோடொன்று பொருந்தும் சிறு மூட்டுகள் உள்ளன. அவை தேய்ந்து வலித்தால், அந்தச் செய்தியைக் கொண்டுபோவது நூல் போன்ற சின்ன நரம்புகள். அந்த நரம்பின் மேல் சில சொட்டு மரப்பு மருந்து விடுவதே இரண்டாவது ஊசி. இது சிகிச்சை என்பதைவிடச் சோதனை என்பதே சரி. லிக்னோகெய்ன் போட்டால் ஒன்றிரண்டு மணி நேரம், பியூபிவகெய்ன் போட்டால் அதைவிடச் சில மணி நேரம் கூடுதலாக மரப்பு நிற்கும். அந்த நேரத்தில் வலி பெருமளவு விட்டுப்போனால், வலியின் ஊற்று அந்த மூட்டுத்தான் என்று தெரிகிறது. அடுத்த கட்டமாக, ரேடியோ அலை வெப்பத்தால் அந்தச் சிறு நரம்பைச் சுட்டுவிடலாமா என்று யோசிப்பார்கள். சுட்ட நரம்பும் மீண்டும் வளரக்கூடியதே.

இது தெரியாமல், “பணம் வாங்கிக்கொண்டு ஊசி போட்டார்கள், மாலைக்குள் வலி திரும்பிவிட்டது, ஏமாற்று வேலை” என்று சொல்கிறவர்கள் உண்டு. உண்மையில் அவர்களுக்குச் சோதனையின் விடை கிடைத்துவிட்டது. யாரும் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். ஊசி போட்ட அன்று படுத்துத் தூங்கிவிட்டால் அந்த விடையும் கிடைக்காது. வழக்கமாக எந்தக் காரியம் செய்தால் வலிக்குமோ, மருத்துவர் அனுமதிக்கும் அளவில் அதைச் செய்து பார்த்து, மணிக்கு மணி வலி எவ்வளவு என்று ஒரு தாளில் எழுத வேண்டும். நாள் வரவு செலவு எழுதிப் பழகிய நமக்கு இது கஷ்டமல்ல. ஆசையால் குறைத்தும் எழுத வேண்டாம், சலிப்பால் கூட்டியும் எழுத வேண்டாம். ஊசி என்ற நம்பிக்கையாலேயே சிலருக்கு வலி குறைவதுண்டு. அதனால் சில மருத்துவர்கள் வேறொரு நாளில் மறுபடியும் சோதித்த பிறகே முடிவு சொல்கிறார்கள்.

ஆராய்ச்சிகள் சொல்வது

பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டி அமைப்பு 2016-ல் கறாராகவே சொல்லியது. காலுக்கு இறங்காத சாதாரண இடுப்புவலிக்கு முதுகெலும்பு ஊசிகள் வேண்டாம். புதிதாக வந்த கடுமையான சயாட்டிகாவுக்கு எபிடியூரலைப் பரிசீலிக்கலாம். சோதனை ஊசியில் பலன் கண்டவர்களுக்கு, மற்ற சிகிச்சைகள் பலிக்காதபோது, ரேடியோ அலை வெப்பத்தைப் பரிசீலிக்கலாம் என்றது. ஆனால் நெதர்லாந்தில் 681 பேரைக் கொண்டு நடந்து 2017-ல் வெளியான மூன்று ஆய்வுகளில், உடற்பயிற்சியோடு அந்த வெப்பச் சிகிச்சையும் பெற்றவர்களுக்கு, பயிற்சி மட்டும் செய்தவர்களைவிடச் சொல்லும்படியான அனுகூலம் தென்படவில்லை.

வயதான வணிகர்களுக்கு வரும் இன்னொரு வகை உண்டு. கொஞ்ச தூரம் நடந்தால் இரு கால்களும் கனத்து வலிக்கும். உட்கார்ந்தாலோ முன்னால் சாய்ந்தாலோ விட்டுவிடும். இது நரம்புப் பாதை குறுகுவதால் வருவது. அமெரிக்காவில் 400 பேரிடம் நடத்தி 2014-ல் வெளியான ஆய்வில், ஸ்டீராய்டு சேர்த்த ஊசிக்கும் வெறும் மரப்பு மருந்து ஊசிக்கும் ஆறு வாரத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

2025-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட வழிகாட்டி இன்னும் ஒரு படி மேலே போயிற்று. மூன்று மாதம் கடந்த முதுகெலும்பு வலிக்கு, அது காலுக்கு இறங்கினாலும் இறங்காவிட்டாலும், இந்த ஊசிகளும் வெப்பச் சிகிச்சையும் வேண்டாம் என்று அழுத்தமாகவே பரிந்துரைத்தது. வேறு வேறு வகை நோயாளிகளை ஒரே தராசில் நிறுத்துவிட்டார்கள் என்று வலிநிவாரண மருத்துவ அமைப்புகள் இதை எதிர்த்தன. வல்லுநர்களுக்குள்ளேயே வழக்கு நடக்கிறது. எனது அபிப்பிராயம், காலை இழுக்கும் கடுமையான புது வலிக்கு இந்த ஊசியை யோசிக்கலாம். வருடக்கணக்கான வெறும் இடுப்புவலிக்கு “உறுதியாகக் குணமாகும்” என்று ஒருவர் சொன்னால் எழுந்து வந்துவிடலாம்.

ஸ்கேன் படத்தைக் காட்டிப் பயமுறுத்தினாலும் அசர வேண்டாம். முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 1994-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், அவர்களில் 52 சதவீதம் பேருக்கு ஓரிடத்திலாவது டிஸ்க் புடைத்திருந்தது. படத்தில் தெரியும் கோளாறும் உடம்பில் தெரியும் வலியும் ஒத்துப்போக வேண்டும்.

சர்க்கரை, இதய நோய் உள்ளவர்கள் கவனிக்க

இந்தப் பகுதியை மட்டுமாவது வீட்டில் உள்ளவர்களிடம் படித்துக் காட்டுங்கள். ஸ்டீராய்டு உள்ளே போனால் நீரிழிவு உள்ளவர்களுக்கு ரத்தச் சர்க்கரை சில நாட்கள் ஏறி நிற்கும். ஊசிக்கு முன்பே சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். ஊசிக்குப் பின் அடிக்கடி பார்க்க வேண்டும். இதயத்தில் ஸ்டென்ட் வைத்து குளோபிடோக்ரல் சாப்பிடுகிறவர்களும், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களும் அதைக் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் போட்டுக்கொண்டால் முதுகெலும்புக்குள் ரத்தம் கட்டி நரம்பை நசுக்கலாம். ஊசிக்காக அந்த மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவது அதைவிட ஆபத்து. மாரடைப்பில் கொண்டுபோய் விடும். இதய மருத்துவரைக் கேட்டுத்தான் நிறுத்தவோ தொடரவோ வேண்டும்.

எபிடியூரல் ஸ்டீராய்டால் அபூர்வமாகப் பக்கவாதம், பார்வை இழப்பு, மரணம்கூட நேர்ந்திருப்பதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2014-ல் எச்சரித்தது. 2012-ல் அங்கே பூஞ்சை கலந்த ஸ்டீராய்டு மருந்து விநியோகமாகி 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எனவே மருந்துக் குப்பியின் பெயரையும் காலாவதித் தேதியையும் கேட்பதில் தவறில்லை. நம் கடைக்கு வருகிறவர்கள் பிஸ்கட் பாக்கெட்டுக்கே கேட்கிறார்கள்.

இன்னொன்று. சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ, தொடைகளுக்கு நடுவே உணர்ச்சி மரத்தாலோ, பாதம் தூக்க முடியாமல் தொங்கினாலோ, ஊசி மையத்தைத் தேடி நாள் கடத்தாமல் அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்த முதுகுவலி எலும்புக் காசநோயாகவோ புற்றுநோயாகவோ இருக்கக்கூடும்.

போகிற அன்று

குப்புறப் படுக்க வைத்து, தோலை மரக்கச் செய்து, சி-ஆர்ம் எனும் எக்ஸ்ரே கருவியில் பார்த்தபடியே ஊசியைக் கொண்டுபோவார்கள். சரியான இடமா என்று அறியச் சாயமருந்து விட்டுப் பார்ப்பதுண்டு. ஊசி போடுவது சில நிமிட வேலை. சிறிது நேரம் வைத்திருந்து அனுப்பிவிடுவார்கள். அன்று வண்டி ஓட்டக் கூடாது. கடையைத் தம்பியிடமோ மகனிடமோ விட்டுவிட்டு, துணைக்கு ஓர் ஆளுடன் போங்கள். எக்ஸ்ரே பார்க்காமல் கைக்கணக்கில் போடுவதாக இருந்தால் காரணம் கேளுங்கள்.

டாக்டர் கட்டணம், அறை, மருந்து, ஸ்கேன் ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். காலையில் போய் மாலையில் திரும்பும் சிகிச்சையை உங்கள் மருத்துவக் காப்பீடு ஏற்குமா என்பதையும் முன்னதாகவே எழுத்தில் கேட்டுவிடுங்கள். “மூன்று ஊசி சேர்த்துப் போட்டால் சலுகை” என்ற பேச்சு வந்தால், முதல் ஊசியின் பலனைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று கூறுங்கள்.

வலி குறைந்த வாரங்களில் நடையையும் பிசியோதெரபிஸ்ட் சொல்லும் பயிற்சியையும் தொடங்காவிட்டால் கைமாற்று வாங்கியும் முதல் சேராது. உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டியும் பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. இடுப்பு பெல்ட்டையும் இழுவைச் சிகிச்சையையும் வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. கடையில் மூட்டைகளைத் தரையில் போடாமல் முழங்கால் உயரப் பலகையில் அடுக்குவதும், ஒரு தள்ளுவண்டி வாங்குவதும் பெரிய செலவில்லை. ஊசி போட்டுக்கொண்டால், எந்த ஸ்டீராய்டு, எத்தனை மில்லிகிராம், எந்தத் தேதி, முதுகெலும்பில் எந்த இடம் என்று எழுதிய சீட்டைக் கேட்டு வாங்கி, ஸ்கேன் உறைக்குள்ளேயே வைத்துவிடுங்கள். அடுத்த மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.