பூனைக்குட்டி சொன்ன சேதி!

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் இருப்பவர்களுக்கு ஷிஃப்ட் நேரம் அத்துப்படி. கம்பெனி பஸ் வந்ததும் அப்பா டிபன் பாக்ஸோடு கிளம்பிவிடுவார். திடீரென ஒருநாள் அவர் வீட்டிலேயே இருந்தால்? ஒரே குஷிதான்!

அந்தக் குஷியைக் காட்டப் பூனைக்குட்டிகளைத் திரைக்குக் கொண்டுவந்தார் ஒரு டைரக்டர். அவர் பெயர் செர்கெய் ஐசன்ஸ்டீன். 1925-இல் வெளிவந்த அவரது முதல் முழுநீளப் படம் ‘ஸ்ட்ரைக்’. இது மௌனப் படம். 1903-இல் ரஷ்யத் தொழிற்சாலை ஒன்றில் நடக்கும் வேலைநிறுத்தம்தான் கதை.

தொழிலாளர்கள் என்ன கேட்டார்கள்? தினமும் 8 மணி நேர வேலை, 30 சதவீதக் கூலி உயர்வு, சிறுவர்களுக்கு 6 மணி நேர வேலை. ஆமாம், அப்போது சிறுவர்களும் தொழிற்சாலையில் உழைத்தார்கள்! (நம் நாட்டில் 14 வயது நிரம்பாதவர்களைத் தொழிற்சாலையில் வேலைக்கு வைக்க 1948-ஆம் ஆண்டுச் சட்டம் தடை போட்டது.)

மெஷின்கள் நின்றன. திரையில் வாத்துக்குஞ்சுகள், பூனைக்குட்டிகள், பன்றிக்குட்டிகள் வருகின்றன. கொஞ்ச நேரம்தான். அடுத்து, வேலைக்குப் போகச் சொல்லி அப்பாவை எழுப்புகிறது ஒரு குழந்தை. இன்று வேலையே இல்லையே! இருவரும் சிரித்து விளையாடுகிறார்கள்.

ஆனால், நாளாக ஆகக் கையில் காசில்லை. கடை மூடிக் கிடக்கிறது. குழந்தைக்குச் சாப்பாடு இல்லை. அப்போது அந்தப் பூனைக்குட்டிகளை நினைத்தால் மனசு கனக்கும்.

ஒரு காட்சிக்குப் பக்கத்தில் இன்னொன்றை வைத்தால் புது அர்த்தம் பிறக்கும். இதற்கு ‘மோன்டாஜ்’ என்று பெயர். நீங்களும் செய்து பாருங்கள். ஒரு பூனைப் படத்துக்குப் பக்கத்தில் பால் கிண்ணம் படத்தை வையுங்கள். பிறகு அதை எடுத்துவிட்டு நாய்ப் படத்தை வையுங்கள். அதே பூனைதான்... முகம் மாறியது போலத் தெரிகிறதா?