சாயும் கையா, தள்ளும் விரலா?

நெய்வேலி டவுன்ஷிப்பில் எந்த வட்டத்துக்குப் போனாலும் சாயங்காலம் மரத்தடியில் நாலைந்து பையன்கள் போனைக் குறுக்காகப் பிடித்து உட்கார்ந்திருப்பார்கள். ஆடுவது பெரும்பாலும் பிஜிஎம்ஐ, அதாவது பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டம். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அவர்களில் இரண்டு சாதி உண்டு. ஒருவன் கையை அசைக்காமல் கட்டைவிரலால் மட்டும் திரையைத் தேய்ப்பான். இன்னொருவன் போனையே சாய்ப்பான், திருப்புவான். இந்த இரண்டாமவன் 'கைரோ பிளேயர்': போன் திரும்புவதை உணரும் கைரோஸ்கோப் சென்சாரை வைத்துக் குறிபார்ப்பவன். பெரிய போட்டிகளுக்குப் போகும் பிஜிஎம்ஐ ஆட்டக்காரர்களில் கைரோக்காரர்களே அதிகம்.

இது கொஞ்சம் விசித்திரம்தான். கையை அசைத்து ஆடுவது குழந்தை விளையாட்டு, போட்டிக்கு ஆகாது என்றுதான் வீடியோ கேம் உலகம் வெகுநாள் நம்பியது. 2006இல் நின்டெண்டோவின் வீ கன்சோல் வந்தபோது டிவி முன்னால் ரிமோட்டை வீசி டென்னிஸ் ஆடாதவர் குறைவு. 10 கோடிக்கு மேல் விற்றது. 2010இல் மைக்ரோசாஃப்டின் கினெக்டும் சோனியின் மூவும் பின்தொடர்ந்தன. ஆனால் பந்தயம் என்று வந்தால் எல்லாரும் பழைய கன்ட்ரோலரைத்தான் எடுத்தார்கள். 2008இல் வந்த 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் பிரால்' வீயிலேயே ஓடிய ஆட்டம். அதன் போட்டியாளர்கள் கையில் இருந்ததோ 2001ஆம் ஆண்டு கேம்கியூப் கன்ட்ரோலர். பொத்தானை அழுத்தினால் உடனே, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வேலை நடக்கும். கையை வீசினால், வீசி முடிக்கவே நேரம் போய்விடும். இயந்திரம் அதைச் சரியாகப் புரிந்துகொண்டதா என்பது அடுத்த கேள்வி.

அப்படியிருக்க, போனில் ஏன் ஆட்டம் தலைகீழாகிறது?

கன்ட்ரோலரில் உள்ள ஸ்டிக் எதைச் சொல்கிறது என்று பாருங்கள். எவ்வளவு தள்ளுகிறோமோ அவ்வளவு வேகமாகப் பார்வை திரும்பும். எங்கே நிற்க வேண்டும் என்று அது சொல்வதில்லை. சரியான நொடியில் விட்டால்தான் குறி எதிரியின்மேல் நிற்கும், இல்லாவிட்டால் தாண்டிப்போகும். அதைச் சமாளிக்கத்தான் பல ஆட்டங்களில் குறியைத் தானாகவே எதிரி பக்கம் இழுத்துக் கொடுக்கும் 'எய்ம் அசிஸ்ட்' வைத்திருக்கிறார்கள். மவுஸ் வேறு ரகம். கை நகர்ந்த தூரம் எவ்வளவோ, குறி நகரும் தூரமும் அதற்கேற்ப. கைரோவும் மவுஸின் இனம்: போனை இத்தனை டிகிரி திருப்பினால் பார்வை அதற்கேற்ற அளவு திரும்பும், கை நின்றால் குறியும் நிற்கும்.

கண்ணாடித் திரையில் கட்டைவிரலுக்கு வேறு தொல்லைகளும் உண்டு. பிடிமானம் இல்லை, வியர்த்தால் வழுக்கும், பார்க்க வேண்டிய இடத்தையே விரல் மறைக்கும். துப்பாக்கி தொடர்ந்து சுடும்போது முனை மேலே ஏறிக்கொண்டே போகும்; அதைக் கீழே இழுக்க ஒரு விரல், சுட ஒரு விரல், நடக்க ஒரு விரல். கைரோக்காரன் போனின் மேல்விளிம்பைத் தன்னைவிட்டு விலகும்படி லேசாகச் சாய்க்கிறான், குறி இறங்கிவிடுகிறது. விரல் மிச்சம்.

ஆக, விரல் ஒதுங்கி, அசைவு மட்டும் ஜெயித்த கதை இல்லை இது. முதுகுப்பக்கம் திரும்பிப் பார்ப்பது போன்ற பெரிய திருப்பத்தை விரல் செய்கிறது, கடைசி நூலிழைத் திருத்தத்தைக் கை செய்கிறது. வீ காலத்து ரிமோட் பல ஆட்டங்களில் பொத்தானின் வேலையையே பிடுங்கிக்கொண்டது. கைரோ விரலின் பாரத்தில் பாதியை வாங்கிக்கொள்கிறது. கன்சோல்களிலும் இந்த வழி உண்டு. 2015இல் வந்த நின்டெண்டோவின் 'ஸ்பிளட்டூன்' தொடரில் குறிபார்க்கக் கைரோதான் போட்டியாளர்களின் முதல் தேர்வு. 2022இல் ஃபோர்ட்நைட்டும் கன்ட்ரோலருக்குக் கைரோ வசதியைத் திறந்தது.

கைரோஸ்கோப் என்றாலும் போனுக்குள் இருப்பது பழைய கருவியில் உள்ளதுபோல் சுழலும் சக்கரம் அல்ல. சில மில்லிமீட்டர் சிப்புக்குள் இடைவிடாமல் அதிரும் நுண்ணிய சிலிக்கான் துண்டு. போன் திரும்பும்போது அந்த அதிர்வு பக்கவாட்டில் சற்றே விலகும். விலகலை அளந்து எவ்வளவு வேகமாகத் திரும்பியது என்று கணக்கிடுகிறார்கள். சிப்புக்குத் தெரிவது திரும்பியது மட்டும்தான். திருப்பியது நீங்களா பஸ் டிரைவரா என்று தெரியாது. நெய்வேலியிலிருந்து கடலூர் பஸ்ஸில் ஆடுகிறவருக்கு வடலூர் சந்திப்பில் வண்டி இடதுபக்கம் திரும்பும்போது துப்பாக்கியும் கூடவே திரும்பும்! சூடும் சிப்புக்கு ஆகாது. வெப்பம் மாறினால் அளவீடு மெல்லப் பிசகி, கை அசையாமலே குறி நகரத் தொடங்கலாம். சித்திரை வெயிலில் நிலக்கரி ஊர்க்காரர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

போட்டி விதிகளில் கைரோவுக்குத் தடையில்லை, ஏனென்றால் அது போனின் உறுப்பு. வெளியிலிருந்து மாட்டும் கன்ட்ரோலர், டிரிகர் வகையறாவுக்கு அதிகாரப்பூர்வ பிஜிஎம்ஐ போட்டிகளில் இடமில்லை. கம்ப்யூட்டரில் எமுலேட்டர் வைத்து மவுஸால் ஆடுபவர்களுக்கும் அங்கே இடமில்லை. எல்லாருக்கும் ஒரே கருவி என்பது இதன் நியாயம்.

ஆனால் ஒரே கருவி என்பது காகிதத்தில்தான். குறைந்த விலை போன்கள் பலவற்றில் கைரோஸ்கோப் சிப்பே கிடையாது. சிலவற்றில் 'விர்ச்சுவல் கைரோ' என்று போட்டிருப்பார்கள்; அது மற்ற சென்சார்களை வைத்துப் போடும் கணக்கு, உண்மையான சிப்பின் நுணுக்கம் அதில் வராது. 2022 டிசம்பரில் இ-ஸ்போர்ட்ஸை மத்திய விளையாட்டு அமைச்சகத்தின்கீழ் கொண்டுவந்தார்கள். 2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடைசெய்து, இ-ஸ்போர்ட்ஸை ஊக்குவிப்பதாகச் சொல்கிறது. அரசு இதை விளையாட்டாகவே நடத்துவதென்றால், கிரிக்கெட் மட்டை வாங்கித் தருகிற பள்ளியும் கிளப்பும் பயிற்சிக்கு நல்ல சென்சார் உள்ள நான்கு போன்களையும் வாங்கி வைக்கலாம். ஓர் அணிக்கு அவ்வளவு போதும். அதுவரை, பிள்ளைக்குப் போன் வாங்கப் போகிற பெற்றோர் கேமராவின் மெகாபிக்சலோடு சென்சார் பட்டியலையும் ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது. அதில் 'ஆக்சிலரோமீட்டர்' என்று மட்டும் இருந்தால் திரை திரும்பும், குறி திரும்பாது.