ஏரி கோடி போகும் முன்னே

வடகிழக்குப் பருவமழை வலுத்தால் படப்பை, மணிமங்கலம், ஆதனூர்ப் பக்கத்து ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோடி போகும். அந்த உபரிநீர் திரண்டுதான் அடையாறு. 2015 சென்னை வெள்ளத்துக்குப் பிறகு, இந்தத் தண்ணீர் எந்தத் தெருவில் புகும் என்று எல்லோரும் கேட்கிறோம். அதோடு எந்த மீன் போகிறது என்று கேட்பார் இல்லை.

வலை வீசாமலே இதற்கு விடை காணலாம். மீன் உதிர்க்கும் சளியிலும் செதிலிலும் கழிவிலும் அதன் டிஎன்ஏ இருக்கிறது. ஓரிரு லிட்டர் தண்ணீரை நுண்வடிகட்டியில் வடித்து, சிக்கியதைப் பிசிஆர் கருவியில் பெருக்கிப் பார்த்தால் போதும். 2008இல் பிரான்ஸ் நாட்டுக் குளங்களில் அமெரிக்கக் காளைத்தவளையை இப்படித்தான் கண்டுபிடித்தார்கள். ஹைதராபாத் சிசிஎம்பி (செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம்) விஞ்ஞானிகள் ஒடிசாவின் சிலிகா ஏரித் தண்ணீரை இதே வழியில் ஆராய்ந்திருக்கிறார்கள்.

படப்பையில் இதை முதலில் ஆப்பிரிக்கக் கெளுத்திக்காகச் செய்ய வேண்டும். 2000ஆம் ஆண்டிலேயே நாட்டில் வளர்க்கத் தடை விதிக்கப்பட்ட மீன் அது. ஆனாலும் கோழிக்கழிவைப் போட்டு வளர்ப்பது நிற்கவில்லை. காற்றையே சுவாசிக்கும், சாக்கடை நீரிலும் பிழைக்கும், ஈரத்தரையில் ஊர்ந்து அடுத்த குட்டைக்கும் போய்விடும். சிறு மீன், குஞ்சு, தவளை எதையும் விட்டுவைக்காது. ஒரு பண்ணைக்குட்டை உடைந்தால் அடுத்த கோடிநீரோடு கீழேயுள்ள ஏரிகளுக்கெல்லாம் அது போய்ச்சேரும். பிறகு விராலும் குறவையும் அயிரையும் என்னாகும்? வலையில் சிக்கும் அளவுக்குக் கெளுத்தி பெருகிய பின் ஒழிப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். அமெரிக்காவின் சிகாகோ கால்வாய்களில் அயல் கெண்டைகள் தங்களைத் தடுக்க வைத்த மின்தடுப்பைத் தாண்டியிருக்கலாம் என்று முதலில் எச்சரித்ததும் தண்ணீரில் கிடைத்த டிஎன்ஏதான்.

எத்தனை மீன், என்ன வயது என்பது வலை போட்டால்தான் தெரியும் என்பார்கள். உண்மைதான். ஆனால் நமக்கு முதலில் வேண்டியது எண்ணிக்கை அல்ல, 'இருக்கிறதா' என்ற ஒரே பதில். அந்த ஒரு மீனை மட்டும் தேட, எல்லா மீனையும் பட்டியலிடும் பெருஞ்செலவுச் சோதனை தேவையில்லை.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையோர மீன் கடைகளின் கழுவுநீரும் வீட்டுக் கழிவுநீரும் ஏரியில் கலந்தால், சமைத்துத் தின்ற மீனின் டிஎன்ஏவும் அதில் மிதக்கும். ஆகவே கழிவு சேரும் இடத்துக்கு மேலே, பல இடங்களில், திரும்பத் திரும்ப நீர் எடுக்க வேண்டும்.

ஐப்பசி மழைக்கு முன்பே, ஒவ்வோர் ஏரியிலும் இவ்வாறு தண்ணீர் எடுத்துச் சோதிக்கும்படி ஊராட்சிகள் அரசைக் கேட்க வேண்டும். நீங்களும், சந்தையில் உயிரோடு வாங்கிய கெளுத்தியை இரக்கப்பட்டு ஏரியில் விட்டுவிடாதீர்கள்.