சைக்கிள் மரைக்கு எந்தக் கிறீஸ் நல்லது?



1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில் இருந்து எத்தனையோ குடும்பங்கள் வவுனியாப் பக்கம் போய்க் குடியேறின. நம்மில் பலருக்கு அங்கே சொந்தபந்தம் உண்டு. என் அக்கா குடும்பம் செட்டிகுளத்தில் இருக்கிறது. அங்கே சமதரை. கடைக்கும் வயலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சைக்கிள்தான் துணை.

போன வருஷம் நான் போயிருந்தபோது அக்கா மகள், "மாமா, சைக்கிள் மிதிச்சா முழங்கால் வலிக்குது" என்றாள். பிள்ளை வளர்ந்துவிட்டாள், சீட் பழைய உயரத்திலேயே இருந்தது. உயர்த்தப் பார்த்தால் சீட் குழாய் துருப்பிடித்து அசையவே இல்லை. பெடலும் அப்படித்தான். "வருஷா வருஷம் தேங்காய் எண்ணெய் விடுறேனே" என்றார் அத்தான். பிழை அங்கேதான் இருந்தது.

மரை என்பது இரும்போடு இரும்பு இறுகிப் பிடிக்கிற இடம். அந்த இடுக்கில் தண்ணீர் தங்கினால் துரு வரும். துரு இரும்பைவிட அதிக இடம் எடுக்கும். அதனால் போல்ட் உள்ளேயே இறுகிப்போகும். கிறீஸ் அந்த இடுக்கை நிரப்பித் தண்ணீரைத் தடுக்குது.

தேங்காய் எண்ணெய் வெயிலில் வழிந்து போய்விடும். 24 பாகைக்குக் கீழே, அதாவது நம்ம மலைக் குளிரில், உறைந்துவிடும். நாள்பட்டால் பிசினாகித் தூசியைப் பிடிக்கும். கழித்த எஞ்சின் எண்ணெயும் வேண்டாம். அதில் கரியும் இரும்புத் தூளும் கிடக்கும்.

பிறகு எதை வாங்குவது? கடையில் 'மல்டி பேர்பஸ்' என்று கேட்டால் கிடைக்கிற லித்தியம் கிறீஸ் போதும். போல்ட், பெடல் மரை, சீட் குழாய், ஹப் குண்டு எல்லாத்துக்கும் அது பொருந்தும். கல்சியம் கிறீஸ் கிடைத்தாலும் நல்லது. அது பெரும் சூட்டைத் தாங்காது, ஆனால் தண்ணீரை நன்றாகத் தாங்கும். சைக்கிளில் பெரும் சூடு ஏது? அலுமினியமும் இரும்பும் சேர்கிற இடத்தில் செம்புத் தூள் கலந்த கிறீஸ் போடலாம். அதை ஹப் குண்டுக்குப் போடாதீர்கள்.

போடுகிற முறை இதுதான். பழைய பல்துலக்கியில் மண்ணெண்ணெய் தொட்டு மரையைத் தேய்த்துக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடையுங்கள். பிறகு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுற மாதிரி மெல்லிசாகத் தடவுங்கள். கிறீஸ் போட்ட போல்ட் லேசாகத் திரும்பும். அதற்காக மூச்சைப் பிடித்து முறுக்கினால் மரை அறுந்துபோகும். இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம், கடிகார முள் போகிற பக்கம் திருப்பினால்தான் கழரும். இது தெரியாமல் மரையைக் கெடுத்தவர்கள் பலர்.

ரிம்மிலும் பிரேக் கட்டையிலும் கிறீஸ் படவே கூடாது. நம்ம தோட்டத்து இறக்கத்தில் பிரேக் பிடிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. செயினுக்கும் கிறீஸ் வேண்டாம், மெல்லிய எண்ணெய் போதும். செம்மண் தூசி கிறீஸில் ஒட்டினால் அரம் மாதிரி செயினைத் தின்னும்.

மழைக்கு முன் வருஷத்துக்கு ஒரு தடவை செய்தால் போதும். செட்டிகுளத்தில் ஒக்டோபர் மழைக்கு முன், ஹட்டன் பக்கம் மே மாத மழைக்கு முன்.

அக்கா மகள் சைக்கிளுக்கு சைக்கிள் பாஸ் துரு இளக்கும் எண்ணெய் விட்டு, இரண்டு நாள் ஊறவைத்துத்தான் சீட் குழாயை அசைத்தார். கிறீஸ் தடவி உயர்த்தினோம். பிள்ளைக்கு வலி குறைந்தது. பெடல் மட்டும் கழரவில்லை, கிராங்கையே மாற்ற வேண்டி வந்தது. ஒரு சின்ன டப்பா கிறீஸின் விலை எங்கே, கிராங்கின் விலை எங்கே? அந்தச் செலவு உங்கள் வீட்டுக்கு வர வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே உங்கள் சைக்கிளை ஒரு தடவை கழற்றிப் பாருங்கள்.