வெயிலும் மூச்சும்

வைட்டமின் 'டி' என்னும் உயிர்ச்சத்துக் குறைந்தவர்களுக்கு ஆஸ்துமா கடுமையாகிறது என்ற செய்தி இன்று பலரிடையே வழங்குகிறது. அதைக் கேட்ட சிலர், 'காலை வெயிலில் நின்று, மாத்திரையும் விழுங்கிவந்தால் போதாதா? இன்ஹேலர் எதற்கு?' என்று துணிந்துவிடுகின்றனர். இத்துணிவு உயிருக்கே ஊறு செய்யலாம். ஆகவே, நேயர்களே, இச்செய்தியில் மெய் எவ்வளவு, மிகை எவ்வளவு என்று ஆராய்வோம்.

முதற்கண் இச்சத்தின் இயல்பைக் காண்போம். கதிரவன் ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் தோலில் படும்போது இது நம் உடலிலேயே உருவாகிறது. பின்னர் ஈரலிலும் சிறுநீரகத்திலும் மாற்றமுற்றுச் செயல்திறன் பெறுகிறது. எலும்புக்கு உரமூட்டுவது இதன் தலையாய பணி. வெயில் மிகுந்த நம் நாட்டிலும் இதன் குறைவு பரவலாகக் காணப்படுகிறது. கருநிறத் தோலில் இது மெல்லவே உருவாகும். பலர் பகல் முழுதும் கூரையின் கீழேயே இருக்கின்றனர்.

இதற்கும் மூச்சுக்கும் என்ன தொடர்பு? ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய்களின் உட்சுவர் அழற்சியுற்று வீங்குகிறது, தசை இறுகுகிறது, சளி அடைக்கிறது. சாதாரணச் சளிக்காய்ச்சலே பலருக்கு நோயை முற்றச் செய்கிறது. வைட்டமின் 'டி'யோ, கிருமிகளை எதிர்க்கும் பொருள்கள் உடலில் தோன்றத் துணைபுரிகிறது. அழற்சியையும் ஓரளவு அடக்குகிறது. எனவே, அது குறைந்தால் ஆஸ்துமா மிகும் என எதிர்பார்த்தது முறையே. பெரியவர்களிடம் நடந்த பல ஆய்வுகளிலும் இரண்டும் சேர்ந்தே காணப்பட்டன.

ஆயினும், சேர்ந்து காணப்படுவதனாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடுமா? பள்ளிகளில் மாலைத் தனிவகுப்புக்குச் செல்லும் மாணவர்களின் மதிப்பெண் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். தனிவகுப்பா மதிப்பெண்ணைக் குறைத்தது? இல்லை, பின்தங்கியவர்களையே அங்கு அனுப்புகிறோம். அவ்வாறே, மூச்சுத் திணறுவோர் வெளியே நடமாடுவது குறைவு. அதனால் வெயில் படுவதும் குறைவு. உடல் பருத்தவர்களின் இரத்தத்தில் இச்சத்துக் குறைந்திருப்பது வழக்கம்; பருமன் தனியே ஆஸ்துமாவையும் மிகுவிக்கும்.

உண்மையைத் தெளிய வழி, கொடுத்துப் பார்ப்பதே. அமெரிக்காவில் நடந்து 2014-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று அதைச் செய்தது. ஆஸ்துமாத் தொல்லையுடன், இரத்தத்தில் இச்சத்து மில்லிலிட்டருக்கு 30 நானோகிராமுக்குக் குறைந்திருந்த பெரியவர்கள் 408 பேர் அதில் பங்கேற்றனர். குலுக்கல் முறையில் ஒரு சாராருக்கு முதலில் 1,00,000 அலகும், பின் நாள்தோறும் 4,000 அலகும் வழங்கினர். மறு சாராருக்கு மருந்தற்ற மாத்திரை. இரு சாராரும் இன்ஹேலரைக் கைவிடவில்லை. 28 வாரங்களில் நோய் கட்டுமீறியவர்கள் முதற்சாராரில் நூற்றுக்கு 28, மறுசாராரில் 29. பெரிய வேறுபாடு ஏதுமில்லை.

இத்தகைய சோதனைகளைத் தொகுத்து நோக்கிய காக்ரேன் ஆய்வுரை, 2016-இல் கடுமையான தாக்குதல்கள் குறைவதாகக் கூறிற்று. 2023-இல், 20 சோதனைகளைச் சேர்த்து மீண்டும் நோக்கியபோது அப்பயன் உறுதிப்படவில்லை. ஆயினும், சத்துக் குறைவு மிகக் கடுமையாக உள்ளவர்களும் அடிக்கடி நோய் முற்றுபவர்களும் அச்சோதனைகளில் சிலரே. அவர்களைப் பற்றிய வினா இன்னும் முடியவில்லை.

ஆதலின் நாம் கொள்ளத்தக்கது இது: இச்சத்துக் குறைவென்று சோதனையில் கண்டால், எலும்பின் நலம் கருதியேனும் மருத்துவர் சொல்லும் அளவில் அதை நிரப்புக. அளவு மீறினால் இரத்தத்தில் சுண்ணாம்புச்சத்து மிகுந்து சிறுநீரகம் கெடும். மூச்சுக்குழாயின் அழற்சியை நாள்தோறும் தணித்துவரும் இன்ஹேலர் மருந்தை மட்டும், மூச்சு எளிதாயிற்று என்று எண்ணித் தாமாக நிறுத்தற்க. அது எளிதாயிருப்பது அம்மருந்தினாலேயே இருக்கலாம்.