நாகை 'சீனக் கோபுரம்' கட்டியது யார்? பல்லவரா, சோழரா, கடாரத்து அரசரா, சீனரா? முழு விவரம்

2019 அக்டோபரில் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் மாமல்லபுரத்தில் சந்தித்தபோது, பல்லவர் - சீனா தொடர்பு பற்றி ஊரெல்லாம் பேச்சு. அந்தப் பேச்சில் தவறாமல் வரும் தகவல் ஒன்று உண்டு: "மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலைக் கட்டிய ராஜசிம்ம பல்லவன், சீன வணிகர்களுக்காக நாகப்பட்டினத்தில் பௌத்தக் கோயிலும் கட்டிக் கொடுத்தான்."

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மாமல்லபுரத்திலிருந்து கடற்கரை ஓரமாகவே சுமார் 250 கி.மீ. தெற்கே போய் நாகையில் விசாரித்தால், அங்கே அதே பெருமைக்கு வேறு சிலரும் வரிசையில் நிற்கிறார்கள். கடாரத்து அரசர்கள், சோழர்கள், சீனர்கள், ஏன், அசோகரும்கூட! கடல் கடந்து வந்து தங்கியவர்கள் வழிபட்ட அந்த இடத்தை உண்மையில் யார் கட்டியது?

பல்லவன் கட்டினான் என்பதற்கு ஆதாரம் என்ன?

ஆதாரம் இருக்கிறது. அது சீனாவில் இருக்கிறது. டாங் வம்ச வரலாற்றுக் குறிப்புகளின்படி, 720-ம் ஆண்டில் தென்னிந்திய அரசன் ஸ்ரீ நரசிம்ம போதவர்மனிடமிருந்து சீனப் பேரரசர் சுவான்சோங்குக்குத் தூது போனது. இந்த அரசன்தான் நம்ம ராஜசிம்மன், அதாவது இரண்டாம் நரசிம்மவர்மன். அரேபியர்களையும் திபெத்தியர்களையும் எதிர்க்க என் யானைகளையும் குதிரைகளையும் தருகிறேன், என் படைக்கு ஒரு பெயர் சூட்டுங்கள் என்று அவன் கேட்டிருக்கிறான். பேரரசர் சூட்டினார். அதே ஆண்டு, சீனப் பேரரசை முன்னிட்டு ஒரு கோயில் கட்டியிருப்பதாகவும், அதற்கும் பெயர் வேண்டும் என்றும் கேட்டான். 'நல்வழிக்குத் திருப்புவது' என்ற பொருளில் 'குய்ஹுவா' என்ற பெயர் கிடைத்தது.

அவ்வளவுதான் குறிப்பு. அதில் நாகப்பட்டினம் என்ற பேரே இல்லை. மாமல்லபுரமும் இல்லை, காஞ்சியும் இல்லை. சீன வணிகர்களுக்காகக் கட்டினான் என்றும் இல்லை. பேரரசுக்கு மரியாதையாகக் கட்டினான் என்று மட்டுமே இருக்கிறது. ஊரையும் வணிகர்களையும் சேர்த்தது பின்னால் வந்தவர்களின் ஊகம். அது சாத்தியமான ஊகம்தான். ஆனால் ஊகம் வேறு, ஆதாரம் வேறு.

அப்போ நாகையில் உறுதியாகக் கட்டியது யார்?

இதற்கு எழுத்துபூர்வமான சாட்சி உண்டு. ஆனைமங்கலம் செப்பேடுகள். டச்சுக்காரர்கள் காலத்தில் நெதர்லாந்துக்குப் போய், லெய்டன் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் இருந்ததால் 'லெய்டன் செப்பேடுகள்' என்று பெயர். பெரிய தொகுதியில் 21 ஏடுகள். 1006-ம் ஆண்டு வாக்கில், நாகப்பட்டினத்தில் எழும்பிக்கொண்டிருந்த பௌத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை முதலாம் ராஜராஜன் எழுதிக் கொடுத்த ஆவணம் இது. 97 வேலிக்கு மேற்பட்ட நிலம், ஆண்டுக்கு 8,943 கலம் நெல். சின்னத் தொகை இல்லை.

இங்கேதான் சிக்கல். ஒரே ஆவணம், இரண்டு பதில்!

தமிழ்ப் பகுதியைப் படித்தால், கடாரத்து அரசன் சூளாமணிவர்மன் கட்டிக்கொண்டிருக்கிற விகாரம் என்று வருகிறது. வடமொழிப் பகுதியைப் படித்தால், சூளாமணிவர்மனின் மகன் மாற விஜயோத்துங்கவர்மன் தன் அப்பா பெயரில் கட்டியது என்று வருகிறது. தமிழ்ப் பகுதி ராஜராஜன் காலத்து ஆணை. வடமொழிப் பகுதி அதற்குப் பின், ராஜேந்திரன் அந்த ஆணையைச் செப்பேட்டில் நிலைநிறுத்தியபோது எழுதப்பட்டது. இடையில் கடாரத்தில் அரசர் மாறிவிட்டார்.

இதைச் சரிபார்க்க மறுபடியும் சீனா பக்கம் போக வேண்டும். கடாரம் என்பது இன்றைய மலேசியாவின் கெடா. அதை ஆண்டது சுமத்ராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜயப் பேரரசு. சோங் வம்சக் குறிப்புகளில் 1003-ல் சூளாமணிவர்மன் பெயரில் தூது வருகிறது. 1008-ல் மகன் பெயரில் வருகிறது. அதாவது நாகை வேலை நடந்த காலத்தில்தான் ஆட்சி கைமாறியிருக்கிறது. அப்பா ஆரம்பித்தார், மகன் முடித்தார் என்று வரலாற்றாய்வாளர்கள் சொல்வது இதனால்தான். மகன் அப்பா பெயரையே வைத்ததால் அந்த வீட்டில் சண்டை இல்லை. குழம்புவது நாம்தான்.

அந்த 1003 தூதில் இன்னொரு விஷயம். சீனப் பேரரசர் நீடூழி வாழ எங்கள் நாட்டில் புத்தர் கோயில் கட்டியிருக்கிறோம், அதற்குப் பெயரும் மணிகளும் தாருங்கள் என்று சூளாமணிவர்மன் கேட்டிருக்கிறார். ராஜசிம்மன் 720-ல் செய்தது ஞாபகம் வருகிறதா? ஏறக்குறைய 300 வருட இடைவெளியில் அதே ஃபார்முலா. கட்டுவது ஒருவர், பெயர் சூட்டுவது இன்னொருவர். கோயிலோடு சேர்ந்து நட்பும் கப்பல் வழியும் உறுதியாகும். சீனாவுக்கும் சோழ நாட்டுக்கும் நடுவில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்த ஸ்ரீவிஜயம் இரண்டு பக்கமும் இதைச் செய்தது.

சோழர் பெயர் எப்படி வந்தது?

1025 வாக்கில் ராஜேந்திர சோழன் கடாரத்தின் மீதே படையெடுத்தான். அந்த வெற்றி பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் அதே கடாரத்து அரச குடும்பம் கட்டிய நாகை விகாரத்துக்கான கொடை தொடர்ந்தது என்பது பலருக்குத் தெரியாது.

1090 வாக்கில், முதலாம் குலோத்துங்கன் காலத்தில் எழுதப்பட்ட சிறிய லெய்டன் செப்பேடுகள் மூன்றே ஏடுகள். கடாரத்துத் தூதர்கள் கேட்டுக்கொண்டதால் நாகைப் பள்ளிகளுக்கான ஊர்களுக்கு வரி விலக்கு கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. அங்கே பள்ளிகளின் பெயர்களைப் பாருங்கள்: 'ராஜராஜப் பெரும்பள்ளி', 'ராஜேந்திர சோழப் பெரும்பள்ளி'. சூளாமணி பெயர் அழியவில்லை, ஆனால் பக்கத்திலேயே சோழப் பெயர் உட்கார்ந்துவிட்டது. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலிலும் சன்னதிகள் ராஜசிம்மனின் பட்டப் பெயர்களைத்தான் தாங்குகின்றன. அந்தக் காலத்து வழக்கம் அது. ஆகவே 'சோழர் கட்டிய விகாரம்' என்று சொன்னால் தப்பு. சோழர் இடம் தந்து, நிலம் தந்து, பேர் வாங்கிய விகாரம் என்றால் சரி.

சரி, 'சீனக் கோபுரம்' எங்கிருந்து வந்தது?

வாங் தாயுவான் என்ற சீனப் பயணி 14-ம் நூற்றாண்டில் எழுதிய குறிப்பு ஒன்று உண்டு. 'பாதான்' என்ற இடத்தில் செங்கல் கோபுரம் நிற்பதாகவும், 1267-ம் ஆண்டு எட்டாம் மாதம் வேலை முடிந்தது என்று சீன எழுத்தில் அதில் பொறித்திருப்பதாகவும் சொல்கிறார். பாதான் என்பது 'பட்டினம்', அதாவது நாகப்பட்டினம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. அந்தக் கல்வெட்டு இன்றுவரை கிடைக்கவில்லை.

15-ம் நூற்றாண்டில் பர்மாவின் பெகுவில் வெட்டப்பட்ட கல்யாணி கல்வெட்டு இன்னொரு சாட்சி. கப்பல் உடைந்து கரையேறிய பர்மியத் துறவிகள் நாகைக்கு நடந்து வந்து, சீன நாட்டு மகாராஜா கட்டுவித்த குகையில் இருந்த புத்தரை வணங்கினார்கள் என்கிறது அது. பாலி மரபிலோ நாகையில் இருந்த ஒரு விகாரத்துக்கு அசோகர் பெயர் சொல்லப்படுகிறது. ஆக, யார் வந்து பார்த்தார்களோ, அவர்களுக்குத் தெரிந்த பெரிய அரசர் ஒருவர் நிறுவனர் ஆகிவிட்டார்!

ஆங்கிலேயர் காலம் வரை அங்கே ஒரு கோபுரம் நின்றது. மூன்று நிலைகள், சாந்து தெரியாமல் நெருக்கிப் பொருத்திய செங்கல். மக்கள் 'புதுவெளிக் கோபுரம்' என்றார்கள். கடலோடிகளுக்கு அது அடையாளம். 1846-ல் நேரில் பார்த்த வால்டர் எலியட் பின்னாளில் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே சீனக் கோபுரமா, ஜைனக் கோபுரமா என்ற குழப்பம் தெரியும். 'ஜைனா' என்பதுதான் 'சைனா' ஆனது என்று சொல்பவர்களும் உண்டு.

இதைத் தீர்த்து வைக்க வேண்டிய கோபுரத்தையே 1867-ல் இடித்துவிட்டார்கள். பக்கத்தில் கல்லூரி நடத்திய இயேசு சபையினர் கேட்டார்கள், சென்னை மாகாண அரசு அனுமதி கொடுத்தது. அந்தக் கோபுரம் கடாரத்தார் கட்டிய விகாரத்தின் பகுதியா, 1267-ல் சீனர் கட்டியதா, இரண்டும் இல்லாத வேறொன்றா என்ற கேள்வி செங்கல்லோடு சேர்ந்து போனது.

கும்பிட்டவர்கள் பெயர் எங்கே?

அரசர்கள் பட்டியல் நீளமாக இருக்கிறது. கப்பலில் வந்து மாதக்கணக்கில் தங்கி, காற்று திரும்பும்வரை காத்திருந்தவர்கள் பெயர்? இதற்கு ஒப்பீடு தேவையென்றால் தென்சீனத் துறைமுகமான சுவான்சோவைப் பார்க்கலாம். அங்கே 1281-ல் தமிழ் வணிகர்கள் சிவன் கோயில் எழுப்பினார்கள். அந்தக் கல்வெட்டு தமிழிலேயே இருக்கிறது. செகசை கான், அதாவது குப்லாய் கான் நலனுக்காக, அவருடைய பர்மான்படி, சம்பந்தப் பெருமாள் என்பவர் எழுந்தருளுவித்தார் என்று பேரோடு சொல்கிறது. அனுமதி கொடுத்தவர், செய்தவர், இரண்டு பேருக்கும் ஒரே கல்லில் இடம்.

நாகையில் அப்படி ஒரு கல் இல்லை. ஆனால் செப்புத் திருமேனிகள் இருக்கின்றன. 1856-ல் தொடங்கி 1934 வரை, வெளிப்பாளையம், நாணயக்காரத் தெரு பகுதிகளில் மண்ணுக்கடியிலிருந்து சுமார் 350 பௌத்தப் படிமங்கள் கிடைத்தன. டி.என்.ராமச்சந்திரன் 1954-ல் இவற்றைப் பற்றித் தனி நூலே எழுதினார். சில படிமங்களின் பீடத்தில் தமிழ் எழுத்து உண்டு. இன்று நியூயார்க்கில் இருக்கும் ஒரு நாகை புத்தரின் பீடம், ராஜேந்திர சோழப் பெரும்பள்ளியோடு 'அக்கசாலைப் பெரும்பள்ளி'யையும் சொல்கிறது. அக்கசாலை என்றால் பொற்கொல்லர் பட்டறை. அரசன் பெயருக்குப் பக்கத்தில் தொழில் செய்தவர்கள் பெயரில் ஒரு பள்ளி!

இந்தத் தொகுப்பின் கணிசமான புத்தர்களைப் பார்க்க நியூயார்க் போக வேண்டாம். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறார்கள். போனால் முகத்தைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் குனிந்து பீடத்தையும் பாருங்கள்.